நட்சத்திரத்துக்காரனுக்கு எத்தினி கூறு?

போன செவ்வாக்கெழம காலைல நம்ம டீக்கடைல ஒரு சண்டை. பால்ல தண்ணி ஜாஸ்தின்னு தெனமும் வர்ற சண்டை இல்ல. இது கொஞ்சம் பெரிய சண்டை...

எங்கயோ, அவ்ளோ தூரத்துல, ஒரு நட்சத்திரத்தைச் சுத்தி ஒரு உலகம் இருந்து, அதுல ஆளுங்களும் இருந்தா — அவங்களுக்கும் ரெண்டும் ரெண்டும் நாலுதானா?

நாலுதான்னு தாடி சார் சொல்றாரு. எனக்கு இன்னாமோ சந்தேகம்னு நான் சொல்றேன்.

தாடி சார் யாருன்னு புதுசா படிக்கறவங்களுக்கு சொல்லிடறேன். காவலூர்ல எங்க கடைக்கு மேல, வெள்ளையா, உருண்டையா, அப்பதான் மொட்டை போட்டுக்கினு வந்த தலை மாதிரி ஒரு கட்டடம் நிக்குதே... அதுக்குள்ள பெரிய தூரக்கண்ணாடி வெச்சு வானத்தைப் பாக்கற ஆளு. நாமெல்லாம் எழுந்து வேலைக்குப் போறப்ப அவரு தூங்கப் போவாரு. போற வழில நம்ம கடைல ஒரு டீ. தூங்கறதுக்காக டீ குடிக்கற ஆளு இந்த ஜவ்வாது மலை பூரா தேடினாலும் அவர் ஒருத்தர்தான்.

நான் யாருன்னு உங்களுக்கே தெரியும். மழைக்குக்கூட பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காதவன்னு சில பேரைச் சொல்வாங்க. என்னை யாரும் அப்படிச் சொல்ல முடியாது. நான் ஒதுங்கினேன். கூரை ஒழுகிச்சு. வெளிய வந்துட்டேன். அவ்ளோதான் என் படிப்பு. இத்தகூட நான் சொல்லச் சொல்ல என் பொஞ்சாதி மல்லிகாதான் எழுதறா. அவ எட்டாவது பாஸ். தப்பா இருக்கறதெல்லாம் அவளோடது. நல்லா இருக்கறதெல்லாம் என்னோடது. (இந்த வரிய எழுதமாட்டேன்னா. எப்படியோ எழுத வெச்சுட்டேன்.)

சரி, சண்டைக்கு வர்றேன்.

"அவங்களுக்கு ரேடியோல நாம ஒரு சேதி அனுப்பறோம்னு வெச்சுக்குங்க," அப்படின்னாரு சார். "தமிழ்ல அனுப்பினா புரியாது. இங்கிலீஷ்ல அனுப்பினாலும் புரியாது. ஆனா கணக்கு புரியும். கணக்கு எல்லா எடத்துலயும் ஒண்ணுதான். மொதல்ல ரெண்டு தட்டு தட்டணும். அப்புறம் மூணு. அப்புறம் அஞ்சு. அப்புறம் ஏழு..."

"இருங்க சார். நாலு எங்க? ஆறு எங்க? வழில எறங்கிட்ச்சா?"

சார் சிரிச்சாரு. கண்ணாடி ஜாடில இருந்த வடையைக் காட்னாரு.

"ஏழு வடை இருக்குன்னு வைங்க. சமமா கூறு போடுங்க பாப்போம். ரெண்டா பிரிக்க வராது. மூணா பிரிக்கவும் வராது. ஏழு பேருக்கு ஒண்ணொண்ணு குடுக்கலாம். இல்ல ஒரே ஆளு ஏழையும் திங்கலாம். வேற வழி கெடையாது. இந்த மாதிரி கூறு போட முடியாத நம்பரா பாத்து வரிசையா அனுப்பினா, 'இது சும்மா வர்ற எரைச்சல் இல்ல, புத்தியிருக்கற எவனோ தட்றான்'னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும்."

எனக்கு அப்படியே சிலுத்துப் போச்சு. அங்க ஒருத்தன் அவன் ஊரு டீக்கடைல குந்திக்கினு, கையில கிளாஸோட, "டேய், எவனோ கூப்படறான்டா"ன்னு நிமிந்து பாக்கறான்... நெனச்சுப் பாருங்க!

ஆனா என் வாய் இருக்குதே, அது சிலுத்துப் போனாலும் மூடாது.

"சார், கூறு போட முடியாத நம்பருன்னு ஒண்ணு கீதுன்னு எங்க ஊர்க்கவுண்டர்கிட்ட சொல்லிடாதீங்க. கோச்சுக்குவாரு. அவரு எத்தினி வந்தாலும் கூறு போடுவாரு."

"வடையைப் பிச்சு போட்டா யாரும் போடலாங்க."

"பிக்காம போடுவாரு."

"அது நடக்காது."

"வெள்ளிக்கெழம திருவிழா. வந்து கண்ணால பாருங்க."

கூப்ட்டுட்டேன். ஆனா வெள்ளிக்கெழம எனக்கு வேற ஒரு காரியம் இருந்துச்சு. சாருக்குக் கணக்கு. எனக்குக் கறி.

கறின்னதும் இவன் தீனிப்பண்டாரம்னு நெனச்சுடாதீங்க. விஷயம் வேற.

எங்க ஊரு சின்ன ஊரு. திருவிழால சாமிக்கு ஆடுங்க வெட்டுவாங்க. அதுல கொஞ்சம் எடுத்து அங்கயே ஆக்கி, வெளியூரு ஆளுங்களை மொதல் பந்தில குந்த வெச்சு, இலை நெறய போடுவாங்க. மரியாதை! மிச்சக் கறி வேகாம, பச்சையா, தேக்கு இலைங்க மேல கூறு கூறா இருக்கும். சாமிக்கு வரி குடுத்த வூடுங்களுக்கு ஒரு வூட்டுக்கு ஒரு கூறு. அவங்க அத்த எடுத்துப் போய் அவங்கவங்க அடுப்புல ஆக்கிப்பாங்க.

புரியுதா? இலைல வெந்த கறி வாங்கினா நீ விருந்தாளி. கையில பச்சைக் கறி வாங்கினா நீ ஊர்க்காரன்.

கலசப்பாக்கம் பக்கத்துல இருந்து மல்லிகாவைக் கூட்டிக்கினு நான் மலை ஏறி வந்து பல வருஷம் ஆயிப்போச்சு. கவுண்டரோட எடத்துல தான் கடை. இந்த ஊர்ல நான் டீ ஊத்தாத தொண்டை கெடையாது. ஒவ்வொரு வருஷமும் எங்க பக்கத்து நெல்லு நல்லதா பாத்து மூட்டை கட்டிக்கினு, "கவுண்டரே, என் வரி"ன்னு போய் நிப்பேன். அவரும் ஒவ்வொரு வருஷமும் என் தோள்ல கையைப் போட்டு, "ஒனக்கு எதுக்குப்பா வரி? கீழ்நாட்ல இருந்து வந்த விருந்தாளி நீ. குந்து, சாப்டு"ன்னுவாரு. மலைக்குக் கீழ இருக்கற ஊரெல்லாம் இங்க கீழ்நாடு. நான் கீழ்நாட்டான்.

திட்டினா திருப்பித் திட்டலாம். அடிச்சா ஓடலாம். குழம்பு ஊத்தி, "இன்னும் கொஞ்சம்?"னு கேக்கறவன்கிட்ட எப்படிங்க சண்டை போடறது?

ஆனா இந்த வருஷம் வேற மாதிரி. மல்லிகா மாசமா இருக்கா. இத்தினி வருஷம் கழிச்சு, இப்பதான். அதான் நான் முடிவு பண்ணி அவகிட்டயே சொல்லிட்டேன்.

"இந்த வாட்டி இலைல குந்த மாட்டேன். ஒரு கூறு வாங்காம வூட்டுக்கு வரமாட்டேன்."

"இன்னாய்யா இது புது வம்பு? அவங்க ஊரு வழக்கம் அது."

"நாளைக்கு நம்ம புள்ளை, 'அப்பா, நாம எந்த ஊரு?'ன்னு கேட்டா இன்னாமே சொல்லுவ?"

"டீக்கடைன்னு சொல்லுவேன். போய்யா, பால் பொங்குது."

வெள்ளிக்கெழம வந்துச்சு. தாடி சாரும் வந்தாரு. தூக்கம் இல்லாம கண்ணு ரெண்டும் கோவப்பழமா செவந்துருந்துச்சு. எங்க ரெண்டு பேரையும் மொதல் பந்திக்குக் கூப்ட்டாங்க. சார் போய் குந்திட்டாரு. நான் நின்னேன்.

"கீழ்நாட்டான் குந்தலையா?" பரிமாறின ஆளு கேட்டாரு.

"இல்லீங்க."

"வயிறு சரியில்லையா?"

"மனசு சரியில்ல."

"அதுக்கும் குழம்பு நல்லதுதான்பா!"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் அசையல. கொழம்பு வாசனை மூக்குல ஏறுது, வயித்துக்குள்ள தவில் அடிக்குது... நிக்கறேன். சார் இலைல ஒரு எலும்பை எடுத்து உறிஞ்சற சத்தம் கேக்குது. அப்பவும் நிக்கறேன். ராணுவத்துல என்னை ஏன் எடுக்கலன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

நின்னதுல ஒரு நன்மை. இத்தினி வருஷமா கூறு போடறப்ப நான் இலைல குனிஞ்சிக்கினு இருந்தேன். மொதல் தடவையா இப்பதான் அத்தப் பாக்கறேன். சாரும் கையைக் கழுவிக்கினு பக்கத்துல வந்து நின்னாரு.

கறியை வெட்டி வெட்டி இலைங்க மேல போடறாங்க. எல்லா இலைலயும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் நெஞ்செலும்பு, கட்டவெரல் அளவு ஈரல். தராசு கெடையாது. போட்டு முடிச்சதும் ஊரே சுத்தி நிக்குது. "இது சின்னதா கீது"ன்னு ஒருத்தர் சொன்னா, பெருசுல இருந்து ஒரு துண்டை எடுத்து அதுல போடறாங்க. "இதுல எலும்பு ஜாஸ்தி"ன்னா மாத்தறாங்க. எல்லார் வாயும் மூடற வரைக்கும் இதே வேலை. எல்லாரும் கம்முனு ஆனா கூறு சமம்னு அர்த்தம்.

அப்புறம் ஒரு ஆளு முதுகைக் காட்டிக்கினு புளியமரத்தைப் பாத்து நின்னுக்குவாரு. கவுண்டர் ஒரு குச்சியால எதாச்சும் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?"ன்னு கேப்பாரு. முதுகு காட்னவரு பாக்காமலே ஒரு வூட்டுப் பேரைச் சொல்லணும். அந்தக் கூறு அவங்களுக்கு. எந்தக் கூறு எவனுக்குன்னு போட்டவனுக்கே தெரியாது. அப்புறம் எப்படி ஏமாத்தறது?

சார் என் கையைப் புடிச்சுக்கினாரு.

"அற்புதமா இருக்குங்க! இதை எந்த நட்சத்திரத்துக்காரன்கிட்ட காட்டினாலும் 'சரி'ம்பான். சமம்னா எங்கயும் சமம்தான். நான் சொன்னேன்ல?"

தோத்துட்டேன்னு நெனச்சேன். அந்த நேரம் பாத்து சார் வூடுங்களை எண்ண ஆரம்பிச்சாரு. எண்றவர் சும்மா இருப்பாரா?

"வீடு பதினேழு. பாருங்க, இதுவும் பிரிக்க முடியாத நம்பர்! ஆனா..." கூறுங்களை எண்ணாரு. மறுபடி எண்ணாரு. "கூறு பத்தொம்போது இருக்கே. தப்பா இருக்கே?"

சத்தமா சொல்லிட்டாரு. கூட்டம் மொத்தமும் திரும்பிச்சு. கவுண்டர்கிட்ட போய் கூறு தப்புன்றது, சார்கிட்ட போய் உங்க தூரக்கண்ணாடிய தலைகீழா புடிச்சிருக்கீங்கன்ற மாதிரி.

"இன்னா தப்பு?" கவுண்டர் குச்சியை ஊனிக்கினு கேட்டாரு.

"வீடு பதினேழுதாங்க. ரெண்டு கூறு அதிகமா இருக்கு."

"சரியாதானே கீது. போன மார்கழில எங்க பெரியப்பா செத்தாரே, அவருக்கு ஒண்ணு."

"அவருதான் இல்லையே?"

"வருஷம் திரும்பலையே. திரும்பற வரைக்கும் அவரு ஊர்ல இருக்கற ஆளுதான்."

சார் தாடியைச் சொறிஞ்சாரு. "சரிங்க... இன்னொண்ணு?"

"வயித்துப் புள்ளைக்கு."

"எந்த வயிறு?" இது நான். என் குரல் எனக்கே வேற யாரோ பேசற மாதிரி கேட்டுச்சு.

கவுண்டர் என்னைத் திரும்பிப் பாத்தாரு. "ஊர்ல இப்போ மாசமா இருக்கறது வேற யாருப்பா? ஒன் பொஞ்சாதிதான்."

எனக்கு சந்தோஷத்துல குதிக்கணும் போல இருந்துச்சு. கூடவே கோவத்துல கத்தணும் போலவும் இருந்துச்சு. கணக்கைப் பாருங்க... செத்தவரு ஒண்ணு. பொறக்காதது ஒண்ணு. நடுவுல, உசுரோட, பசியோட, புளியமரத்தடில நின்னுக்கினு இருக்கற நான் — சைபர்!

கத்திட்டேன்.

"கவுண்டரே, இது இன்னா நாயம்? புள்ளை ஊர்க்காரன், அப்பன் விருந்தாளியா?"

அவருக்குக் கோவமே வரல. புரியாத பையனுக்கு சொல்ற மாதிரி சொன்னாரு.

"நீ கீழ்நாட்டுத் தண்ணி குடிச்சு வளந்த வயித்துல இருந்து வந்த. இந்தப் புள்ளை இந்த மலைத் தண்ணில, இந்தக் காத்துல உண்டாச்சு. அது எங்க ஊரு. நீ எங்க விருந்தாளி. இதுல ஒனக்கு இன்னா கொறச்சல்?"

சொல்லிட்டு குச்சியால ஒரு கூறைத் தொட்டாரு. "இது யாருக்கு?"

புளியமரத்தைப் பாத்துக்கினு நின்னவரு சொன்னாரு: "டீக்கடை வயித்துக்கு!"

ஊரே சிரிச்சுது. பொம்பளைங்க கும்பல்ல இருந்து மல்லிகா மெதுவா நடந்து வந்து ரெண்டு கையாலயும் இலையை வாங்கினா. அவளும் கீழ்நாடுதானேன்னு நான் வாயைத் தொறந்தேன். "அவ வாங்கல. வயிறு வாங்குது"ன்னு கவுண்டர் என் வாயை மூடிட்டாரு.

நான் விடல. முடிவு பண்ணிக்கினு வந்தவன் இல்ல?

"சரி, புள்ளை பொறந்துடுச்சுன்னா?"

"பொறந்தா அது ஒரு வூடு. வூடுன்னா வரி உண்டு."

"பச்சப் புள்ளை எப்படி வரி குடுக்கும்?"

"அப்பன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?"

"என் வரியைத்தான் வாங்க மாட்டேன்றீங்களே!"

"ஒன் வரியை யாரு கேட்டா? புள்ளையோட வரியைக் கொண்டாந்து குடு. நெல்லு இல்ல. சொந்தக் கொல்லைல வெளஞ்ச சாமை. எங்கயாச்சும் வாங்கி வந்து அளந்தன்னா மோந்து பாத்தே சொல்லிடுவேன்."

"எனக்கு ஏதுங்க கொல்லை?" மலை மேல வெதைக்கற மானாவாரி நெலம்தான் இங்க கொல்லை.

கவுண்டர் கொஞ்சம் யோசனை பண்ணாரு. அப்புறம் குச்சியால மேடு பக்கமா காட்னாரு.

"கடைக்குப் பின்னாடி நம்ம சரிவு சும்மாதானே கெடக்குது. ஒனக்கு இல்ல — புள்ளைக்கு. நீ கொத்து."

"அடுத்த திருவிழால புள்ளையோட கூறை யாரு வாங்கறது?"

"அது எழுந்து நடக்கற வரைக்கும் நீ தூக்கிக்கினு வா. நீயே கை நீட்டு."

"பச்சைக் கறி?"

"பச்சைக் கறிதான்டா கீழ்நாட்டான்! இப்பவாச்சும் போய் இலைல குந்து, குழம்பு ஆறுது!"

குந்தல. மல்லிகா பின்னாடியே வூட்டுக்குப் போனேன். அவ அந்தக் கறியை நம்ம அடுப்புல ஆக்கி எனக்கு ஒரு தட்டுல போட்டா. "புள்ளையோட கறி. நீ விருந்தாளி. சங்கோஜப்படாம சாப்டு"ன்னா. கவுண்டரை விட இவ மோசம்.

மறுநாள் காலைல தாடி சார் டீக்கு வந்தாரு. நான் கடைக்குப் பின்னாடி கடப்பாரையோட நின்னுக்கினு இருந்தேன்.

"சண்டைல யாருங்க ஜெயிச்சது?" அப்படின்னாரு.

"நீங்கதான் சார். பதினேழும் ரெண்டும் பத்தொம்போதுதான். அது எந்த நட்சத்திரத்துலயும் மாறாது, ஒத்துக்கறேன். ஆனா எத்த எத்த ஒண்ணுன்னு எண்ணணும்னு யாரு சொல்றது? நீங்க ஏழு தட்டு தட்டுவீங்க. அவன் ஊர்ல தட்டை எண்ற வழக்கமே இல்லாம, தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கற சும்மாவை எண்ணினா? அவனுக்கு ஆறுதானே வரும்?"

சார் கிளாஸைக் கீழ வெச்சுட்டாரு. வெரலை மடக்கி மடக்கி என்னென்னமோ முணுமுணுத்தாரு. அப்புறம் மூஞ்சி மலர்ந்துச்சு.

"ஒண்ணு, ரெண்டு, நாலு, ஆறு, பத்துன்னு கேக்கும் அவனுக்கு. முதல்ல முழிப்பான். ஆனா விடாம கேட்டான்னா, எல்லாத்துலயும் ஒண்ணைக் கூட்டிப் பாப்பான். கண்டுபிடிச்சிடுவான்!"

"பதில் எப்ப சார் வரும்?"

"நம்ம காலத்துல வராதுங்க. நம்ம பேரன் பேத்தி காலத்துலகூட வராது."

"அதுவரைக்கும் தட்டுவீங்களா?"

"தட்டணும். வேற வழியே இல்ல. அவன் நம்மளை எண்ணணும்னா நாம விடாம தட்டணும்." கடப்பாரையைப் பாத்தாரு. "நீங்க?"

"கொத்துவேன் சார்."

சொன்னது ஈஸியா சொல்லிட்டேன். அந்தச் சரிவுல மண்ணு மேல பாறை இல்ல, பாறை மேல எங்கயோ கொஞ்சம் மண்ணு ஒட்டிக்கினு இருக்கு. மொத நாளே உள்ளங்கை பூரா கொப்புளம். ரெண்டாவது நாள் கடப்பாரை நழுவி நம்ம கடைச் செவுத்துலயே ஒரு ஜன்னல் வெச்சுட்டேன். அந்த வழியா போற ஊர்க்காரங்க நின்னு, "இன்னாப்பா, கெணறு தோண்றியா?"ன்னு கேக்கறாங்க. கேக்கட்டும். நேத்து ஒருத்தரு சிரிச்சுக்கினே போய், திரும்பி வந்து, ஒரு மொறத்துல வெதைச் சாமை வெச்சுட்டுப் போயிருக்காரு. "புள்ளைக்கு"ன்னாராம்.

ஒண்ணு மட்டும் இப்ப எனக்குப் புரியுது. உலகத்துல எவனும் எவன்கூடவும் கூட்டல்ல சண்டை போட்டதில்ல. யாரைச் சேத்து எண்றது, யாரை விட்டு எண்றதுன்றதுலதான் எல்லா சண்டையும். நட்சத்திரத்துல இருந்து எவனாச்சும் எறங்கி வந்தா, அவனுக்குக் கணக்கு தெரியுமான்னு நான் கேக்க மாட்டேன். கண்டிப்பா தெரியும். எங்களை எப்படிப்பா எண்ணுவன்னுதான் கேப்பேன்.

மேகம் கட்டிக்கினு வருது. ஆனி மழை எறங்கறதுக்குள்ள வெதைக்கணும், இன்னும் பாதிச் சரிவு அப்படியே கெடக்கு. டீ வேணும்றவங்க அடுப்புல பால் கீது, நீங்களே போட்டுக்குங்க — கொல்லைக்காரனோ கொல்லைக்காரியோ பொறந்து வந்து, "இன்னும் முடிக்கலையா?"ன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?